முறைப்பையன் என்பதற்கு நான் எழுதிய மலையாளம்

போன மாதம் ரம்யா வீட்டுக்கு வந்திருந்தாள். கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் நான் உட்கார்ந்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் அவளே ஆசிரியை. பேசப் பேசத் தானே மொழிபெயர்த்து எழுதிவிடுகிற மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாம். "இனி எங்களையெல்லாம் எதுக்கு விளிக்கப் போறாங்க? மனுஷங்க இருந்த காலத்தப் பத்தி ரசமா எழுதித் தரணும் ஸார், கேட்டோ. சிரிக்கிற மாதிரி நாலு சம்பவம் போதும்" என்றாள்.

சிரிக்கிற மாதிரி என்னிடம் நாற்பது சம்பவம் உண்டு. சாட்சிக் கூண்டில் ஒருவர் "எனக்கு ரெண்டு சம்சாரம்" என்று சொல்ல, மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு என்பதால், இரட்டை நாக்குக்காரன் என்று ஜட்ஜ் முகம் சுளித்த கதையைக் கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சொல்லி நான் பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதைகளை ரம்யாவே கேட்டிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. 'முறைப்பையன்' என்ற சொல்லை மென்பொருள் எப்படி மொழிபெயர்க்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று தெரியும். அதை எழுதுகிறேன். எந்தக் கோர்ட் என்று எழுதப்போவதில்லை. கோர்ட்டின் தவறு என்று யாராவது நினைத்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன்.

எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தவன் நான். இந்த ஊர்க் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்ததால் வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். வேலை பழக எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழக்கியவர் சிரஸ்தார் மாதவன் பிள்ளை. கோர்ட் அலுவலகத்தின் தலைவர் அவர்தான்.

அவர் உட்கார்ந்து எதையும் வாசிக்கமாட்டார். மேஜையை ஒரு மஞ்சள் துணியால் துடைத்து, தாளை அதன்மேல் நேராக வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிடிக்காத சொல்லை அடிக்கவும் மாட்டார். அதன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாளைத் திருப்பித் தருவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். கேட்டால், "ஸ்வாமி, நாளைக்கு ஒரு குடும்பத்துப் பெண் இதை வாசிக்க நேர்ந்தால்?" என்று மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி. இங்கே தமிழ் பிராமணனுக்கு ஸ்வாமி என்பதுதான் பெயர்.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மொத்தக் கடை கோடவுனில் மிளகாய் காம்பு கிள்ளுகிற திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, மேஸ்திரி தன்னைப் பேசியதைக் கூண்டில் நின்று ஒன்று விடாமல் சொன்னாள். நானும் ஒன்று விடாமல் மலையாளத்தில் சொன்னேன். வக்கீல்கள் இருமினார்கள். அந்த வாக்குமூலத்தை நான் எழுதிக் கொடுக்க, மாலையில் மாதவன் பிள்ளை திருப்பித் தந்த தாளில் பதினொரு புள்ளிகள் இருந்தன. பதினொன்றையும் எடுத்துவிட்டு, 'கேட்டால் அருவருக்கும் பாஷையில் அசப்யம் பேசினான்' என்று ஒரே வரியாக எழுதினேன். எடுத்த பதினொன்றில் வெறும் வசவு எட்டுதான். மீதி மூன்றும், படுக்க வந்தால்தான் நாளை முதல் வேலை என்று அவன் வைத்த நிபந்தனை. வசவோடு நிபந்தனையும் போயிற்று. காம்போடு மிளகாய் போட்டாள், அதனால் திட்டினேன் என்று மேஸ்திரி சொல்லி விடுதலையானான். அன்று மாதவன் பிள்ளை எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். நான் பெருமையோடு குடித்தேன்.

அதற்குப் பிறகு என் தாள்களில் புள்ளி விழுந்ததில்லை. எது கண்ணியமான பாஷை என்பது எனக்குக் கைவந்துவிட்டது. அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும், எழுதும்போதே புள்ளிகளை நானே மனசுக்குள் வைத்துக்கொள்வேன்.

இனி நடைமுறை. காணாமல் போனதாகப் புகார் வந்த ஆளைப் போலீஸ் கண்டுபிடித்தால், மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மாஜிஸ்திரேட் போலீஸையும் உறவினர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஆளிடம் தனியாகக் கேட்பார். எங்கே இருந்தாய், யாராவது துன்புறுத்தினார்களா, இப்போது யாருடன் போக விரும்புகிறாய். பதில் தமிழில் வந்தால் நான் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு மலையாளத்தில் சொல்வேன். அவர் எழுதுவார். எழுதி முடித்ததும் தாளை நான் வாங்கி, சொன்னவருக்கு அவர் பாஷையிலேயே வாசித்துக் காட்டவேண்டும். அவர் சரி என்றால் கையெழுத்து. அதன் கீழே, வாசித்துக் காட்டினேன், புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதிக் கையெழுத்திடுவேன். சட்டம் இவ்வளவு கவனமாகத்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பவன் பொய் சொன்னால் வாசித்துக் காட்டும்போது அகப்பட்டுக்கொள்வான் என்பது கணக்கு. வாசித்துக் காட்டுகிறவனும் அவனேதான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தபோது பகவதியைக் கொண்டுவந்தார்கள். இருபத்துமூன்று வயது. நாகர்கோவில் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாய்மாமன் வீட்டில் தங்கி, கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துணைக்குப் போனவள், அங்கே நர்ஸாக இருந்த விழிஞ்ஞத்துப் பெண் ஜெசிந்தாவைக் கண்டாள். ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு வீடு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டிய நாளில் பகவதி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்துவிட்டு ஜெசிந்தா போலீஸில் புகார் கொடுத்தாள். போலீஸ் போய்ப் பார்த்தபோது பகவதி மாமன் வீட்டிலேயேதான் இருந்தாள். காணாமல் போனவள் கிடைத்துவிட்டாள் என்று கூட்டிவந்தார்கள்.

நான் கோர்ட் வராந்தாவில் போகும்போது மாமன் எழுந்து கும்பிட்டார். பக்கத்தில் பகவதியின் அம்மாவும், மாமனின் மகனும் இருந்தார்கள். நல்ல சட்டை, படிந்த தலை, பார்த்தால் யாரும் பெண் கொடுக்கிற பையன். "சாமி நம்ம ஆளாக்கும்" என்று மாமன் அருகே வந்தார். "புள்ள நல்ல புள்ள. அந்த நர்சு ஒருத்தி மயக்கிப்போட்டா. முறைப்பையன் இருக்கான், கட்டிவச்சா எல்லாம் சரியாயிரும். உள்ள கொஞ்சம் பாத்துப் பேசணும்." அம்மா மட்டும் பின்னாலிருந்து, "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் மாறிரும் சாமி" என்றாள்.

அவர் எனக்கு எதையும் நீட்டவில்லை, மிரட்டவும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும். அவர் சொன்னதை நான் ஏற்கெனவே நம்பினேன். அதுதான் நடந்தது.

மாஜிஸ்திரேட் கண்ணூர்ப் பக்கத்து இளைஞர். தமிழ் ஒரு சொல் தெரியாது. மரியாதையானவர், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மலையாளத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டார். பகவதி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கடையில பேசுத மலையாளம் தெரியும். இது தமிழ்ல நடந்தது. தமிழ்லதான் சொல்லுவேன்."

அழாமல் சொன்னாள். வரிசையாகச் சொன்னாள். முதலில் ஜோசியர். ஒரு தோஷம் இருக்கிறது, கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார். அடுத்து ஒரு டாக்டர். தூக்க மாத்திரை எழுதிவிட்டு, சீக்கிரம் கல்யாணத்தை முடியுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். மூன்றாவதாக மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர். அவரும் அதையேதான் சொன்னார். மூன்று துறைகளின் நிபுணர்கள் இப்படி ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பகவதி மாட்டேன் என்றாள். அதன் பிறகு நடந்ததை அவள் சொன்ன சொற்களில் அப்படியே தருகிறேன். மறக்கவில்லை.

"அம்மை வெளியில நின்னு கதவப் பூட்டுனா. உள்ள முறைப்பையன் இருந்தான். என்னைச் சரியாக்கத்தான் அவன உள்ள விட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன், சத்தம் போட்டேன். அவன் பலவந்தம் பண்ணினான். மூணு நாளு. ஒவ்வொரு நாளும் காலையில அம்மை வந்து, சரியாயிட்டியாட்டின்னு கேட்டா."

அவள் நிறுத்தினாள். இனி என் முறை.

மலையாளத்தில் நான் சொன்னதன் தமிழ் இது: 'விவாக விஷயமாக, நிச்சயிக்கப்பட்ட வரனுடன் பேசிக் காரியங்களைச் சரியாக்க வீட்டார் முயன்றார்கள். எனக்கு விருப்பமில்லாததால் மூன்று நாட்கள் மனவருத்தம் உண்டாயிற்று.'

முறைப்பையன் என்பதற்கு மலையாளத்தில் முறைச்செறுக்கன் என்ற நேரான சொல் இருக்கிறது. அது நாட்டுச் சொல். அதற்குப் பதில் 'பிரதிசுருத வரன்' என்றேன். நிச்சயம் செய்யப்பட்ட மணமகன் என்று அர்த்தம். நிச்சயம் ஏதும் நடந்திருக்கவில்லை. நான்தான் அந்த மேஜைமேல் வைத்து நடத்தினேன். பலவந்தம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். கதவைப் பூட்டியதையும் விட்டுவிட்டேன். 'சரியாக்க' என்பதை மட்டும் மாற்றவில்லை. மலையாளத்திலும் அது சரியாக்கதான், அங்கே சமரசம் செய்வதற்கும் அதையே சொல்வார்கள். புத்தக மலையாளம் புரியாத பகவதி, தன்னுடைய அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். மாஜிஸ்திரேட் அந்தத் தலையாட்டலையும் பார்த்துவிட்டு எழுதினார்.

வாசித்துக் காட்டவேண்டிய நேரம் வந்தது. தாளைக் கையில் பிடித்து, கண்ணை வரிகளின்மேல் ஓட்டியபடி, அவள் தமிழில் சொன்னதை ஞாபகத்திலிருந்து அப்படியே திருப்பிச் சொன்னேன். பூட்டிய கதவையும் சொன்னேன், பலவந்தத்தையும் சொன்னேன். என் ஞாபகசக்தி அந்த நாட்களில் கோர்ட்டில் பிரசித்தம். "ஆமா, அப்படித்தான்" என்று அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் போட்டேன்.

ஜெசிந்தா யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "அவ என் ஆளு. அவகூடத்தான் போவேன்" என்றாள் பகவதி. 'கூட்டுக்காரி' என்றேன், அதாவது சிநேகிதி. மாஜிஸ்திரேட் ஒரு அண்ணனைப் போலச் சிரித்தார். சிநேகிதி எங்கேயும் போய்விடமாட்டாள், வீட்டார் கல்யாணம் பேசுவது பகையினால் இல்லை, இப்போதைக்கு அம்மாவுடன் போவது நல்லது என்று புத்தி சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன்.

பகவதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நான் சொன்னது முழுக்க அவரு கேட்டாரா சார்?"

"கேட்டார்."

"கேட்டுட்டுமா போவச் சொல்லுதாரு?"

"ஆமாம்மா."

"அப்பம் இனி யாருட்ட சொல்ல" என்றாள். அது கேள்வியாக இல்லாததால் நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு, "போறேன்" என்றாள். அன்றைக்குப் பிழையில்லாமல் நான் மொழிபெயர்த்த ஒரே சொல் அதுதான். சொந்த இஷ்டப்படி தாயாருடன் போக அனுமதிக்கப்பட்டாள் என்று உத்தரவாயிற்று. வெளியே படிக்கட்டில் நர்ஸ் யூனிபாரத்தோடு நின்ற ஜெசிந்தாவை ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரமாக நகர்த்தினார். ஜீப்பில் ஏறும்வரை பகவதி அவள் பக்கம் திரும்பவில்லை.

மூன்று வாரத்தில் கல்யாணம். மாமன் எனக்குப் பத்திரிகை வைத்தார். நாகர்கோவிலுக்குப் போனேன், முதல் பந்தியில் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்று மாமனிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

இப்படி ஒரு காரியத்தை, படித்த மனிதன், பயமும் ஆசையும் இல்லாமல், ஏன் செய்தான்? இத்தனை வருஷமாக நான் என்னையே குறுக்கு விசாரணை செய்ததில் கிடைத்த பதில்கள் எதுவும் கௌரவமானவை இல்லை.

பெண்ணுக்குப் பெண்மேல் ஆசை என்பதை நான் ஆசையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பழுது என்று எடுத்துக்கொண்டேன். பழுது என்றால் பழுது பார்க்கிறவன் வேண்டும் அல்லவா? அந்த வேலைக்கு ஆண்தான் தகுதியானவன் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிற ரிட்டயர்டு ஆசாமிகள் நாங்கள் ஒன்பது பேர். ஹைகோர்ட் பெஞ்ச் கிளார்க், பாங்க் மேனேஜர், கெமிஸ்ட்ரி பேராசிரியர் எல்லாம் உண்டு. சேர்ந்து வாழ்கிற இரண்டு பெண்களைப் பற்றிப் பேப்பரில் வந்தால் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்: "நல்ல ஆம்பளை ஒருத்தன் கிடைக்கல, அதான்." மற்ற எட்டுப் பேரும் சிரிப்போம். அந்த ஹாஸ்யத்தைத்தான் பகவதியின் அம்மா வெளியிலிருந்து பூட்டினாள். அவள் ஹாஸ்யம் தெரியாதவள், வார்த்தையை நம்பிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் அந்த 'முறை'. எங்கள் தெருவில் அம்மாஞ்சி என்போம், அவர்கள் வீட்டில் முறைப்பையன். பெண் பிறக்கும்போதே அவளை இன்னாருக்கு என்று சொல்லிவைத்துவிடுகிறோம். முறையாக என்றால் ஒழுங்காக என்று அர்த்தம். முறை உள்ளவன் ஒருத்தியைத் தொட்டால் அது முறைகேடு ஆகாது என்று பாஷையே எங்களுக்குச் சாட்சி சொல்லியது. அன்று அந்த அறைக்குள் ஒரு அந்நியன் போயிருந்தால் மாமன் அரிவாளை எடுத்திருப்பார். நானும் பலவந்தம் என்ற சொல்லை அழுத்தி மொழிபெயர்த்திருப்பேன். உள்ளே போனது முறைப்பையன். ஆகவே எங்கள் கணக்கில் அது முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முந்திய கல்யாணம். அவள் போட்ட சத்தத்தை அடுத்த வீட்டார் கேட்டிருக்கிறார்கள். வைத்தியம் நடக்கிறது என்று மாமன் வீட்டார் சொன்னார்களாம். போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். பகவதி கேட்டுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அவள் தப்பி வந்திருந்தாள். மாமன் மகன் மேல் புகார் கொடுக்கப் போனபோது, நீயே கோர்ட்டில் இப்படிச் சொல்லியிருக்கிறாயே என்று ஸ்டேஷனில் அந்தத் தாளின் நகலை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜெசிந்தா அதை வாசிக்க, தான் சொன்னது என்ன என்பதைப் பகவதி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள்.

ஜெசிந்தா நகலை என் முன்னால் வைத்தாள். "ஸாரே, வக்கீல் சொல்லுது, இது தப்புன்னு சொல்ல உலகத்துல ஒரே ஒரு ஆளாலதான் பற்றும். ஸார் ஒரு கடலாசு, ஒரே ஒரு தாள், எழுதித் தந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் கண்ணாடியைப் போட்டு, நின்றபடி, நிதானமாக வாசித்தேன். "ஓர்மையில்ல, ஞாபகத்துல நிக்கல. எத்தனையோ கேஸ்" என்றேன்.

அவள் நகலை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். உள்ளிருந்து என் மனைவி வந்தாள். "ஓர்மையில்லையா? ஒரு பொண்ணை நல்ல வழியில அனுப்பி வெச்சேன்னு அன்னிக்கு மோருஞ்சாதம் சாப்டுண்டே நீங்கதானே சொன்னேள்?" என்றாள். பென்ஷன் விவகாரம், இந்த வயதில் கோர்ட் ஏறுவது என்று ஏதோ சொன்னேன். அவள் ஜெசிந்தா குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தண்ணீரைச் செடியில் ஊற்றினாள்.

புகார் தள்ளுபடியாயிற்று. மாமன் வீட்டார் அதே நகலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பொய்ப் புகார் கொடுக்கிறவள் என்று சொல்லி ஜெசிந்தாவின் வேலையையும் பறித்தார்கள். முதலில் நான் செய்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இரண்டாவது தடவைக்கு அந்த இடமும் இல்லை.

பதினேழு வருஷம் போயிற்று. ரம்யா வந்து போன மறுநாள் உட்கார்ந்து, நடந்ததை மலையாளத்தில் ஒரு பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரியிடம் போவதற்கு முன் பகவதியிடமும் ஜெசிந்தாவிடமும் காட்டலாம் என்று அதற்கடுத்த நாள் காலை பஸ்ஸில் விழிஞ்ஞத்துக்குப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் திரும்புகிற மேட்டில் சின்ன வீடு. முன்னறையில் பகவதி பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொண்டிருந்தாள். தலையில் நரை இறங்கியிருக்கிறது. ஜெசிந்தா டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"இத்தனை காலம் எவிட ஆயிருந்து ஸார்?" என்று கேட்டாள்.

பைபாஸ் ஆபரேஷன் ஆனதையும், மனைவிக்கு உடம்புக்கு முடியாததையும் சொன்னேன். சொல்லக்கூடாது என்று பஸ்ஸில் தீர்மானித்துக்கொண்டு போனவன்தான், இருந்தும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

பகவதி தாளை வாங்கித் தானே வாசித்தாள். மலையாளம் படிக்கத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பழைய நகலை யாருடைய உதவியும் இல்லாமல் வாசிக்கவேண்டும் என்றே கற்றாள் என்று ஜெசிந்தா சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள். 'மானபங்கப்படுத்தி' என்று எழுதியிருந்தேன்.

"இது என்ன சொல்லு?"

"கோர்ட்டில் மரியாதையாக அப்படித்தான் எழுதுவது."

"யாருக்கு மரியாத? என் மானத்துக்கு ஒண்ணும் ஆவல சார். அது எங்கிட்டதான் இருக்கு. அவன் செஞ்சதுக்குச் சட்டத்துல பேரு இருக்குல்லா, அத எழுதுங்க."

பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே 'பலாத்சங்கம்' என்று எழுதினேன். வன்புணர்ச்சிக்குச் சட்ட மலையாளம் அது. முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் என் கையால் நான் எழுதியிராத சொல். எழுத்து கோணிப்போயிற்று. அவள் திரும்ப வாசித்தாள். இன்னும் இரண்டு இடம் காட்டினாள். 'கூட்டுக்காரி' என்பதை அடித்து, நான் போகக் கேட்டது ஜீவித பங்காளியுடன், அதாவது வாழ்க்கைத் துணையுடன், என்று எழுதச் சொன்னாள். மூன்று நாள் என்பது நான்காக வேண்டும், அன்று பதற்றத்தில் ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்றாள். எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டேன். "நோட்டரிட்ட போட்டுக் கொண்டு தாங்க. குடுக்கணுமா வேண்டாமான்னு நாங்க நெனச்சுக்கிடுதோம். எப்பம் குடுப்பியன்னு விளிச்சுக் கேக்காதிய" என்றாள் பகவதி. மலரில் இதை எழுதலாமா என்று கேட்டேன். ஜெசிந்தாவைப் பார்த்தாள். பிறகு, இரண்டு பேருடைய பேரையும் போட்டே எழுதச் சொன்னாள். பேரை மறைத்தால் அது தங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லுகிற கதை மாதிரி ஆகிவிடும் என்பது அவள் எண்ணம். மாமன் மகனின் பேரை நான் போடவில்லை. அதைக் கோர்ட் போடட்டும். மாமனின் ஜவுளிக்கடை வருஷாவருஷம் நம் மலருக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் தருகிறது. என் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் வராமல் ரம்யா பார்த்துக்கொள்ளலாம். வந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

ஒன்பது பேரில் ஒருவரான பேராசிரியரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, இதெல்லாம் இப்போது எதற்கு, அந்தப் பெண்ணுக்கும்தானே அசிங்கம் என்றார். குளத்தைச் சுற்றி இப்போது நான் தனியாக நடக்கிறேன்.

போன திங்கட்கிழமை பகவதி போன் செய்தாள். புகாரோடு என் பிரமாணப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டார்களாம். அப்படியானால் அன்றைக்கு நீ பொய் சொன்னாயா என்று என்னிடம் கேட்பார்கள், ஆமாம் என்றால் என்மேலும் கேஸ் வரலாம் என்று வக்கீல் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். வரட்டும் என்றேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற விவரத்தைத் தந்தாள். வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் சொன்னாள்.

"நீங்க சொல்லுதத அவங்க எழுதுவாங்க. எழுதி முடிச்சிட்டு, இன்னதாக்கும் எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுவாங்க. அதக் கேட்டுட்டு ஒப்புப் போட்டுராதிய. கடலாச வாங்கி நீங்களே ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க."